கதவுக்கு ஒரு நாள் வேலை

எங்கள் வீட்டுத் தலைவாசல் கதவில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வட்டத் தழும்புகள் உண்டு. பழைய ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும். கதவின் மற்ற இடமெல்லாம் கருஞ்சிவப்பாக இருக்க, அந்த இரண்டு இடம் மட்டும் எண்ணெய் இறங்கிய காகிதம் மாதிரி மங்கிக் கிடக்கும். போன மாதம் என் மகன் ஓசூரிலிருந்து பாலிஷ் போடும் இளைஞர் ஒருவரை அனுப்பிவைத்தான். மோட்டார், ரப்பர் குழாய், ஸ்ப்ரே அடிக்கிற துப்பாக்கி என்று ஒரு வண்டி சாமானோடு வந்து இறங்கினார். கதவைத் தட்டிப் பார்த்தார், தழும்புகளைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். "நாள் கணக்கெல்லாம் இல்லீங்கம்மா, ஒரு நாள் வேலைங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. உள்ளே போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடியும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்காது. இந்தக் கதவு ஒரு நாள் வேலைதான் என்பது எனக்கும் தெரியும். எண்பதுகளின் நடுவில், எல்லாம் முடிந்த பிறகு, என் மாமனார் அதைச் செய்து காட்டினார்.

மாமனார் மொரப்பூர்ப் பக்கம் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலில் தண்டவாளத்தோடு கிடந்து கறுத்த உடம்பு, கணீரென்ற குரல், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை. மாமியார் நான் வாழ்க்கைப்படும் முன்பே தவறிவிட்டார். மாமனார் ஒரு நாளும் என்னை 'வாடி போடி' என்றதில்லை, சாப்பாட்டில் உப்பு குறைந்தால் குறை சொன்னதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும், நாலு பேரைக் கூட்டிவைத்துச் சண்டை போட்டாவது காரியத்தை முடித்திருப்பேன். நல்ல மனிதர் ஒருவர் நம்மை உட்காரவைத்து உயிரை எடுக்கும்போது யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போது நாங்கள் பழைய ஓட்டு வீட்டில் இருந்தோம். ஒரு பாதியில் என் கணவரின் அண்ணன் குடும்பம், மறு பாதியில் நாங்களும் மாமனாரும். ஒரே அறையில் தானிய மூட்டை, தையல் மிஷின், என் கணவரின் வயர்மேன் வேலைச் சாமான்கள் எல்லாம் கிடக்கும். நான் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். என் அம்மா இண்டூரில் தனியாக இருந்தாள். அப்பா போய்விட்டார், நான் ஒரே பெண். அவளுக்கு இளைப்பு நோய். மழைக்காலம் வந்தால் படுக்க முடியாது, சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே விடிய வேண்டும். இந்த நெரிசலில் அவளை எங்கே கொண்டுவந்து வைப்பது? சம்பந்தி வீட்டில் வந்து தங்க அவளும் கூசினாள். "உனக்குன்னு ஒரு வூடு ஆவட்டும், அன்னைக்கே வந்துர்றேன்" என்பாள். பக்கத்து நிலத்தில் நாங்கள் வீடு கட்ட ஆரம்பித்ததே அவளுக்காகத்தான் என்று என் மனதுக்குள் வைத்திருந்தேன். சுவர் எழும்பியது, தளம் போட்டாயிற்று, ஜன்னல் வந்தது. சமையலறையின் கொல்லை வாசலுக்குப் பலகைக் கதவு ஒன்று வந்தது, வந்த அன்றே மாட்டினோம். தலைவாசல் கதவு மட்டும்தான் பாக்கி. கதவை மாட்டி, பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்துவிட்டால் அடுத்த பஸ்ஸிலேயே அம்மாவை அழைத்து வந்துவிடலாம். ஆசாரி கதவைக் கொண்டுவந்து இறக்கிய அன்று மாமனார் சொன்னார், "பாலிஷ் வேலைய நானே பாத்துக்கறேம்மா. எனக்கும் பொழுது போவணும்ல." நானும் சரி என்று தலையாட்டினேன்.

அவர் ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது, அதை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய அதிகாரி ஒருவரின் தனிப்பெட்டி மொரப்பூர் ஸ்டேஷனில் ஓரமாக நின்றிருக்கிறது. தண்ணீர்க் குடம் கொண்டுபோய் வைக்கச் சொல்லி இவரை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். உள்ளே மரக்கதவு ஒன்று. அதில் தன் முகம், மீசை, தோளில் இருந்த குடம் எல்லாம் தெரிந்ததாம். கண்ணாடி என்று நினைத்துக் கையை நீட்டியிருக்கிறார். "கைபடாம நவுருய்யா" என்று பின்னாலிருந்து ஒரு சிப்பந்தி அதட்டினானாம். அன்றைக்கு மனதில் விழுந்த ஆசை. "எம் வூட்டுக் கதவுல மொகம் தெரியணும். யாரு வேணா தொட்டுப் பாக்கலாம்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. இருபதாவது தடவை கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வேங்கை மரத்துக் கதவு. அவருக்கு ஈட்டி மரத்து நிறம் வேண்டும். முன்னறையில் இரண்டு மரக்குதிரைகளை நிறுத்தி அதன் மேல் கதவைப் படுக்க வைத்தார். நின்றபடி வார்னிஷ் அடித்தால் வழிந்துவிடும், படுக்க வைத்தால்தான் சமமாக நிற்கும் என்பது அவர் கணக்கு, அதில் தப்பில்லை. உப்புத்தாள் வைத்து மரத்தின் வரியோடு தேய்த்தார். துளைகளில் மக்கு அடைத்து மறுபடி தேய்த்தார். நிறத்தைத் துணியில் தோய்த்து ஏற்றினார். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் பஞ்சைப் பொதிந்து அதில் நனைத்து, வட்டம் வட்டமாகத் தடவினார். கடைசியில் வார்னிஷ். பளபளவென்றுதான் வந்தது. நான் சாமியாருக்குச் சொல்லி அனுப்பவே இருந்தேன். அன்று சாயங்காலம் காற்று வீசியது. வாசலில் கதவு இல்லாததால் தெருப் புழுதி அத்தனையும் உள்ளே வந்து ஈர வார்னிஷில் உட்கார்ந்தது. மறுநாள் தடவிப் பார்த்தால் கையில் நெருநெருவென்றது. மாமனார் உப்புத்தாளை எடுத்து எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டார். மரம் மறுபடி அம்மணமாகக் கிடந்தது.

நன்றாக யோசித்துப் பாருங்கள். புழுதி உள்ளே வராமல் இருக்கக் கதவு வேண்டும். கதவோ உள்ளே படுத்துக்கொண்டு பாலிஷுக்குக் காத்திருக்கிறது. இதை நான் அவரிடம் சொன்னேன். "மாமா, மொதல்ல கதவ மாட்டிருவோமுங்க. அப்பறம் மெதுவா அடிச்சுக்கலாமுங்க." அவர் சிரித்தார். "மாட்டினப்பறம் யாரும்மா அடிக்கப் போறா? கடைசி வரைக்கும் அப்பிடியேதான் கெடக்கும்." வாசலுக்குச் சாக்குப்படுதா கட்டினார். இந்தத் தடவை சாக்கு நார் உதிர்ந்து வார்னிஷில் ஒட்டியது. படுதாவை நனைத்துக் கட்டினார். ஈரக் காற்று பட்டு அரக்கு வெளுத்து, கதவு முழுக்கச் சாம்பல் பூத்தது. ஐப்பசி மழைக்கு ஈசல் கிளம்பி, இறக்கையோடு வந்து பாலிஷில் படிந்து உயிரை விட்டது. மார்கழிப் பனியில் காயவே இல்லை. தை மாதம் பக்கத்துக் களத்தில் கேழ்வரகு அடித்தார்கள், அதன் தூசு அத்தனையும் எங்கள் முன்னறைக்கே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கதவின் மேல் குனிந்து தன் முகத்தைத் தேடுவார். மீசை வரைக்கும் தெரியுது, கண்ணு தெரியல என்பார். அப்புறம் உப்புத்தாள். அந்தக் கரகர சத்தம் இப்போதும் எங்காவது கேட்டால் எனக்குத் தலை வலிக்கும்.

சனிக்கிழமைதோறும் இண்டூர் போவேன். அம்மா கேட்கும் முதல் கேள்வி, "கதவு ஆச்சா?" அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "அடுத்த வாரம்மா" என்பேன். எத்தனை அடுத்த வாரம். அதற்குள் அவள் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. அடுப்பு ஊதினால் மூச்சு வாங்கும் என்று ஒரு வேளை சமைத்ததை மூன்று வேளைக்கும் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வரும். வீட்டுக்கு வந்தால் மாமனார் உற்சாகமாக எதிரே வந்து, "புது வார்னிஷ் வந்திருக்குதாம், சேலத்துல கெடைக்குதாம்மா" என்பார். என் கணவரோ தன் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் மின்கம்பம் மாதிரி நின்றார். "அவருக்கு வேற என்ன சந்தோசம் இருக்குது, உடு" என்பார். என் சந்தோஷத்தைப் பற்றி அந்த வீட்டில் கேட்க ஆளில்லை.

பொறுக்காமல் தருமபுரியிலிருந்து பாலிஷ் மேஸ்திரி ஒருவரை நானே வரவழைத்தேன். மாமனார் தீர்த்தமலை அடிவாரத்தில் இருந்த உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம். மேஸ்திரி காற்று அடங்கிய நேரம் பார்த்து, தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அமர்த்திவிட்டு, பொறுமையாக முடித்துக் கொடுத்தார். அழகாக இருந்தது. சீப்பை எடுத்துத் தலை வாருமளவுக்கு இல்லை, ஆனால் ஆள் நிழல் தெரிந்தது. மாமனார் வந்து பார்த்தார். நான்கு பக்கமும் சுற்றினார். "நல்லாத்தான் பண்ணியிருக்காரு. மூக்கு தெரியலியே" என்றார். மேஸ்திரி கும்பிட்டு, "இது மரமுங்கய்யா, கண்ணாடி இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே கரகர சத்தம் கேட்டது. நடு ரோட்டில் நின்று அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று இருந்தது.

அந்த வாரமே இண்டூர் போய் அம்மாவைக் கூட்டி வந்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. வீடு மந்திரிக்காமல் தலைவாசல் வழியாகப் போகக் கூடாது என்று அம்மா தயங்கினாள். சரி என்று புது வீட்டின் சமையலறைப் பலகைக் கதவு வழியாக அவளை உள்ளே அழைத்துப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜெபமாலை, கஷாயச் சட்டி. மாமனாருக்குச் சந்தோஷம்தான். புதிதாக அடித்த பூச்சு அன்று காய்ந்திருந்தது. "சம்பந்தியம்மா, வந்து பாருங்க, மொகம் தெரியுதா?" என்று முன்னறையிலிருந்து கூப்பிட்டார். அம்மா அவர் எதிரில் நின்று பேச மாட்டாள். முக்காடு போட்டுக்கொண்டு வந்து, கதவின் மேல் நன்றாகக் குனிந்து, "நல்லாத் தெரியுதுங்கண்ணா" என்றாள். அவளுக்கு எதிரே நிற்பவர் முகமே தெரியாது. மாமனார் குழந்தை மாதிரி சிரித்தார். "கண்ணு தெரியாதவங்க சொன்னா எப்பிடிங்க" என்றார். உள்ளே வந்தபோது அவளைக் கடிந்துகொண்டேன். "போனாப் போவுது உடு. யாராவது ஒருத்தர் தெரியுதுன்னு சொன்னாத்தான அவரு நிறுத்துவாரு" என்றாள்.

அவர் நிறுத்தவில்லை, தேய்த்தார். ஆனால் ஸ்பிரிட்டைத் திறந்ததுமே அந்த நெடியில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. மாமனார் பயந்துபோய் டப்பாக்களையெல்லாம் மூடிப் பழைய வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். "அவங்க இருக்கற வரைக்கும் இந்த நாத்தம் வேண்டாம்" என்றார். அந்த நல்ல மனசுக்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். சரி, பாலிஷ் இல்லை என்று ஆகிவிட்டது, வெறும் மரமாகவாவது மாட்டலாமே? அதுதான் நடக்கவில்லை. "அரகொறையா மாட்டப்படாதும்மா. அவங்க ஒடம்பு தேறட்டும்" என்றார். அடுத்து வந்த மார்கழி முழுக்க முன்வாசலில் சாக்குப்படுதாதான். பனிக்காற்று அதை விலக்கிக்கொண்டு நேராக அம்மா படுத்திருந்த அறைக்கு வரும். நான் படுதாவுக்கு மேல் போர்வை கட்டினேன், போர்வைக்கு மேல் தென்னந்தட்டி சாத்தினேன். அதற்குப் பக்கத்திலேயே, காற்று புகாத கனமான ஒரு வேங்கைக் கதவு குதிரை மேல் படுத்துக் கிடந்தது. அம்மா இருமும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். எட்டி உதைக்கலாம் போலிருக்கும்.

கிறிஸ்துமஸ் கழிந்து கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள். காற்று இல்லாவிட்டால் பிழைத்திருப்பாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டாக்டர் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார், அவ்வளவுதான். வீட்டை மந்திரிக்க வர வேண்டிய சாமியார், மூச்சு அடங்கும் முன் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலுக்கு வந்தார். அவரும் சமையலறை வழியாகத்தான் வந்தார். ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். முன்னறையில் அம்மாவைக் கிடத்த வேண்டும், அங்கே கதவு கிடக்கிறது. புது வீட்டில் ஒரு மேஜை, பெஞ்சு கிடையாது. "கதவத் தூக்கி அந்தாண்ட போடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். மாமனார் நகரவில்லை. இரண்டு கைகளாலும் மரத்தைத் தடவினார். ஒரு ஈ உட்கார்ந்தால்கூட முதலிலிருந்து ஆரம்பித்தவர் அவர். "இதும் மேலயே கெடத்துங்க" என்றார். கதவின் மேல் பாய் விரித்து அம்மாவைக் கிடத்தினார்கள். மெழுகுதிரித் தண்டு கோவிலிலிருந்து வந்து சேரவில்லை. தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக, மெழுகைச் சொட்டவிட்டு மரத்தின் மேலேயே மாமனார் மெழுகுதிரிகளை நிறுத்தினார். அடக்கத்துக்குத் தூக்கும்போது சாக்குப்படுதாவை அவிழ்த்துவிட்டார்கள். அந்த வாசல் வழியாக அம்மா உள்ளே வந்ததே இல்லை, வெளியே போனதுதான்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் பங்காளிகள் கதவைப் பற்றி ஆளுக்கொன்று பேசினார்கள். சவம் கிடந்த பலகை தலைவாசலுக்கு ஆகாது, விற்றுவிடு, விறகுக்குப் போடு என்றார்கள். "அவங்க கெடந்த எடந்தான் ஆவாதுன்னா, இந்த வூடே ஆவாது" என்று மாமனார் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு அன்றுதான் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் டப்பாக்களைக் கொண்டுவந்தார். மெழுகைக் கத்தியால் சுரண்டினார். உப்புத்தாள் எடுக்கவில்லை. நிறம் ஏற்றினார், அரக்கு ஒரு கை, வார்னிஷ் ஒரு கை. மெழுகு இறங்கிய இரண்டு இடத்திலும் நிறம் பிடிக்கவில்லை. அவர் பார்த்தார், விட்டுவிட்டார். காற்றும் அடித்தது, தூசும் விழுந்தது. மதியத்துக்கு மேல் என் கணவரைக் கூப்பிட்டு, ஈரம் முழுசாக உலரும் முன்பே கீலில் மாட்டித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தார்.

நான் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். "மொகம் தெரியுதா பாக்கலீங்களா மாமா?" என்று கேட்டேன். குத்திக்காட்டத்தான் கேட்டேன். "அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுதே, அது போதும்" என்றார். கதவைப் பார்த்தபடியே நின்றார், என் பக்கம் திரும்பவில்லை. அவர் கை முழுக்க வார்னிஷ். அப்போதே எனக்குத் தெரிந்தது, அந்த மனிதர் தன்னையே மன்னிக்காமல்தான் இனி இருக்கப்போகிறார் என்று. அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார். ஒரு நாளும் அந்தக் கதவைத் துடைக்கவோ தொட்டுப் பார்க்கவோ இல்லை, என் கையால் சாப்பிட்டார், கடைசிக் காலத்தில் நான்தான் பார்த்துக்கொண்டேன், மனசாரத்தான் பார்த்துக்கொண்டேன். ஆனால் கோபம் போகவில்லை. வயதானால் போய்விடும் என்றார்கள், போகவில்லை. காலையில் ஆரம்பித்து மதியத்துக்கு மேல் மாட்டிய கதவு. அதை ஒரு மார்கழிக்கு முன்னால் செய்திருந்தால் என்ன?

ஓசூரிலிருந்து வந்த பிள்ளை சொன்னபடியே செய்தார். கதவைக் கழற்றி முற்றத்தில் பெஞ்சுகளின் மேல் படுக்க வைத்து, பழைய பூச்சை மெஷினால் எடுத்து, நிறம் ஏற்றி, மேலே பளபளப்பை அடித்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு என்ன வேகம். பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குனிந்து பார்த்தேன். முகம் தெரிந்தது. கண், மூக்கு, மூக்குக்கண்ணாடி, அதன் கம்பி எல்லாம் தெரிந்தது. அந்த இரண்டு வட்டங்களில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அது பொறுக்கவில்லை. கைவிளக்கை அடித்து அடித்துப் பார்த்தார்.

"உள்ளுக்குள்ள மெழுகு எறங்கிருக்குதுங்கம்மா. இப்பிடியே வுட எனக்கு மனசு வரல. இன்னும் ரெண்டு நாள் குடுங்க, மொத்தத்தையும் எடுத்துட்டு மொதல்லேர்ந்து அடிச்சுத் தந்தர்றேன். எங்கயும் ஒரு புள்ளி இருக்காது" என்றார்.

சொல்லிக்கொண்டே உப்புத்தாளை எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் சாமி" என்றேன். "இருட்டறதுக்குள்ள மாட்டிக் குடுத்துட்டுப் போ."